எட்டாவது இலை

ஜுவேரியா வெட்டிப் பதித்தது ஏழு இலை. கிட்டாரின் கழுத்தில் எட்டு இலை இருந்தது.

மூன்று நாளாக விடாத மழை, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு. மந்தைவெளியில் அந்த மாடி அறைக்குப் பட்டப்பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியிருந்தது. ஊறிப்போன சுவரின் வாடையும் இழைத்த ஈட்டி மரத்தின் இனிப்பு வாசனையும் கலந்து தொண்டையில் தங்கின. பறக்கும் ரயில் போகும்போதெல்லாம் மேசைமேல் அரமும் சின்னச் சுத்தியலும் நடுங்கி நடுங்கி அடங்கின. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினாள். கறுத்த ஈட்டி மரத்தில் பித்தளைக் கம்பிக் கொடி. அதன் இருபுறமும் மஞ்சக்கடம்பு மரத்தில் இலைகள். ஏழு மஞ்சள். எட்டாவது மட்டும் வெளிர் ரோஜா நிறம்.

கிட்டார் செய்கிற ஆண்டனியின் பட்டறை கீழேதான். படியில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஆண்டனி, மேல வந்து இதுல கை வெச்சியா?"

"நா எங்கக்கா வந்தேன்? காலைலேர்ந்து இங்கதான் கீறேன். அஸ்வின் சாரு கேட்டுக்கினே கீறாரு. கண்ணு ரெண்டும் எப்போ பதிக்கப்போறே?"

திருஷ்டி படக்கூடாதென்று கிட்டாரின் தலையில் இரண்டு கண் கேட்டிருந்தார், அதைச் செய்யச் சொல்லியிருந்த அஸ்வின். பென்சிலால் வரைந்ததோடு நின்றிருந்தது. ஜுவேரியா திரும்பி வந்து அந்த எட்டாவது இலையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கத்தியால் மரத்தில் கோடு கீறி, தட்டையான கம்பியைச் செருகித் தட்டி, ஈரத் துணியால் ஒற்றுவாள். மரம் ஊறிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். முந்தாநாள் கம்பியின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் ஆயத்துக்கு விரலில் குத்திவிட்டது. கோட்டுக்குள் ரத்தம் சொட்டியது. எப்படியும் நனைக்கத்தானே போகிறோம் என்று துடைக்காமல் தட்டிவிட்டாள். பாவி, ஒரு நிமிஷம் நின்று துடைத்திருக்கலாம்.

ஆயத் பாயில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது கை கவுனுக்குள் ஒளிந்திருந்தது.

"கையக் காட்டு."

கட்டை விரலில் நகம் இல்லை. காயமும் இல்லை. வழவழவென்று வெறும் தோல்.

"காலைல எழுந்தப்பவே காணோம்மா. திட்டுவேன்னு சொல்லல."

ஜுவேரியா இடுக்கியால் அந்த இலையின் ஓரத்தை நெம்பினாள். பாயில் குழந்தை அலறிக் கையை உதறியது. இடுக்கி கீழே விழுந்தது.

மரம் காய்ந்தால் கம்பி தளரும். இத்தனை வருஷத் தொழிலில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. தலைமுடி காயவைக்கும் டிரையரை எடுத்துக் கொடியின்மேல் பிடித்தாள். அனல் வாசனை எழுந்தது. மெதுவாக, மிக மெதுவாக, கம்பி கோட்டிலிருந்து மயிரிழை அளவுக்கு மேலே வந்தது. அல்லாவே, வருகிறது.

"அம்மா, தண்ணி."

திரும்பிப் பார்த்தாள். ஆயத்தின் உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் தோல் வெள்ளையாக உரிந்து நின்றது.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு."

"தண்ணிம்மா."

பிள்ளை குடித்தால் மரமும் ஊறும், கொடுக்கக்கூடாது என்று தெரிந்தது. நாக்கு வறண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிற பிள்ளையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? டிரையரை அணைத்தாள். ஒரு டம்ளர் கொடுத்தாள். பிள்ளை இன்னொன்று கேட்டது. அதையும் கொடுத்தாள்.

மேசையில் மரம் முனகியது.

கம்பி உள்ளே இறங்கியது. ஒன்பதாவது இலை. பத்தாவது. ஆயத்தின் விரல்களை அவள் பார்க்கவில்லை. கொடி நீண்டது. தலையை நோக்கி. பென்சில் கோடுகளை நோக்கி.

பாய்ந்து குழந்தையை மடியில் இழுத்து, இரண்டு கண்களையும் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். கைக்கு அடியில் இமைகள் படபடத்தன. படபடத்தன. பிறகு இல்லை.

"கைய எடும்மா. இருட்டா கீது."

எடுத்தாள்.

டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளியே மழை.

"எடும்மா."

மேசைமேல், கிட்டாரின் தலையில், ஈரமாக இரண்டு கண்கள் அறையைத் துழாவின. அவளைக் கண்டதும் நின்றன.