கத்தாத செவலை

வீட்டில் அவளைப் ‘பூனை’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அண்ணன் அதற்கு நேர் எதிர். பசி எடுத்தால் தெருமுனைவரை கேட்கும்.

அன்று பூனையின் முகம் வாடிக் கிடந்தது. மாட்டுக் கொட்டகையில் நிற்கும், இன்னும் கன்று போடாத செவலைக் கிடாரியை அப்பா விற்கப் போகிறார். அதன் தாய் கொடுத்த பாலைக் குடித்துத்தான் அண்ணனும் அவளும் வளர்ந்தார்கள். அந்தத் தாயும் இப்போது இல்லை.

“ஏம்ப்பா விக்கணும்?”

“சினையே பிடிக்கலையேம்மா. பருவம் வந்தா மாடு கத்தும். உடனே டாக்டரைக் கூப்பிட்டு சினை ஊசி போடணும். இது வாயே திறக்கலைன்னா நான் என்ன பண்றது? நாளன்னைக்கு வியாபாரி வர்றாரு.”

இரவு அம்மா ஒரு தட்டை அவள் முன் வைத்தாள்.

“நான் பசிக்குதுன்னு சொல்லவே இல்லையேம்மா!”

“நீ என்னைக்குடி சொல்லியிருக்கே? பசிச்சா உன் அண்ணன் கத்துவான். நீ சட்டை நுனியைத் திருகுவே. ரெண்டும் என் வயித்துலதான் பிறந்துச்சு. ஒண்ணு வெண்கலம், ஒண்ணு பஞ்சு!”

பூனையின் விரல்கள் சட்டை நுனியிலேயே நின்றுவிட்டன. ‘அப்போ, செவலையும் வேற மாதிரி சொல்லுதோ?’

மறுநாள் விடிந்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் செவலையின் எதிரே உட்கார்ந்தாள்.

“என்னடி, மாட்டுக்குப் பாடம் எடுக்கிறியா?” என்றான் அண்ணன்.

“இல்ல, படிக்கிறேன்.”

அன்று ஒன்றும் நடக்கவில்லை. செவலை நன்றாகத் தின்றது, நன்றாகத் தூங்கியது.

வியாபாரி வரும் நாளும் வந்தது. காலையில் பூனை போய்ப் பார்த்தால், தீனி அப்படியே இருந்தது. செவலை வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்ற கறுப்புப் பசுவின் முதுகில் தாடையை வைத்துத் தேய்த்தது. சத்தம் மட்டும் இல்லை.

சத்தம் பூனையிடமிருந்து வந்தது.

“அப்பா! டாக்டரைக் கூப்பிடுங்க! செவலை சொல்லிடுச்சு!”

பக்கத்து வீட்டு நாய் மிரண்டு குரைத்தது. அண்ணன் பல் துலக்குவதை மறந்து வாயைப் பிளந்தான்.

மாட்டு டாக்டர் வந்து சோதித்தார். “பருவம்தான்! எல்லா மாடும் ஒரே மாதிரி இருக்காதுங்க. சிலது கத்தாது. தாய்கிட்ட இருந்து வந்த குணமாக்கூட இருக்கலாம்.”

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஆமாங்க! தாய் கத்தி நான் கேட்டதே இல்ல. அப்போ காளையும் கூடவே மேஞ்சுது. பருவத்தை அதுவே கண்டுக்கிச்சு, நான் கவனிக்கவே இல்ல!”

கயிற்றோடு வந்த வியாபாரி, டாக்டர் ஊசி போட்டதைப் பார்த்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

மாதங்கள் ஓடின. செவலை கன்று போட்டது. அந்தக் கன்று கத்திய கத்தலில் கூரையே அதிர்ந்தது.

“இது யாரைக் கொண்டு பிறந்துச்சு?” என்றார் அப்பா.

“அப்பன் வழியா இருக்கும்” என்று கன்றைப் பார்க்க வந்த டாக்டர் சிரித்தார்.

“என்னை மாதிரி!” என்றான் அண்ணன் பெருமையாக.

அப்பா பூனையின் தலையில் கை வைத்தார். செவலை அவள் உள்ளங்கையை நக்கியது. பூனை அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். மறு கை சட்டை நுனியைத் திருகியது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “வாடி, தட்டு வச்சாச்சு!”