கொள்முதல் நிலையத்தில் ஒரு பிணம்

"ஐயய்யோ... துலா செத்துப்போச்சே!"

அகிலாண்டத்தின் அலறலில் நெல் கொள்முதல் நிலையத்துப் புறாக்கள் சிதறிப் பறந்தன.

காலை ஒன்பது மணி.

செத்தது மனிதன் இல்லை. ரோபோ! நெல்லை முகர்ந்தே ஈரப்பதம் சொல்லும். லஞ்சம் வாங்கத் தெரியாது. அதனால் வேலைக்குச் சேரும் முன்பே ஊரெல்லாம் எதிரிகள்!

இன்று முதல் துலா 'தேறும்' என்றால்தான் நெல்லை எடுப்பார்கள். அகிலாண்டத்தின் குறுவை நெல் முழுவதும் களத்தில் குவியலாகக் கிடந்தது. நாகப்பட்டினம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் முளைத்துவிடும்.

இன்ஸ்பெக்டர் பிரகதீஸ்வரி துலாவின் தலையைக் கழற்றினார்.

உள்ளே தண்ணீர்... கூடவே வெள்ளையாக ஏதோ!

"தேங்காய்ச் சில்லு!"

எல்லாக் கண்களும் ஐயனார் கோயில் பூசாரி தியாகராசன் மேல் பாய்ந்தன.

"மூடநம்பிக்கை செஞ்ச கொலை!" என்று கர்ஜித்தார் இராஜாங்கம். கறுப்புச் சட்டை. மேடைக்கு மேடை கடவுள் இல்லை என்று முழங்கும் ஒன்றியச் செயலாளர். "பதினோரு மணிக்கு மந்திரி திறந்து வைக்க வர்றாரு. நான் என்ன பதில் சொல்றது?"

"பூசாரி, உங்களுக்கு இது மேல கோவமாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாம்மா. அறுவடைக்கு அறுவடை ஐயனாருக்கு ஒரு மரக்கா நெல்லு வரும். இது வந்தா ஒரு மணி நெல்லு கூட விடாதாம். கோவம்தான்... ஆனா மடியில கனமில்ல!"

சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"முப்பது வருசமா உடைக்கிறேன். தண்ணிய வெளிய சாய்ச்சு ஒரே போடு, ரெண்டு மூடி. இது நொறுங்கியிருக்கு. பழக்கமில்லாத கை!"

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின.

"ரெண்டு தேங்காய் கொண்டாங்க!"

ஒன்று இராஜாங்கத்திடம் போனது. கை யோசிக்கவில்லை. டக்! அச்சாக இரண்டு மூடி... ஒரு சொட்டு சிந்தவில்லை!

கூட்டம் வாயைப் பிளந்தது.

அடுத்தது, துலாவைச் செய்த விஞ்ஞானி ஜூலியட்.

ஒரு அடி. இரண்டு. மூன்றாவதில் சில்லுகள் பறந்தன. முகமெல்லாம் தண்ணீர். பாதி, கண்ணீர்!

"நான்தாங்க... மூணு வருச உழைப்பு. மந்திரி முன்னாடி கவுத்துருமோன்னு பயம். விடியகாலைல ஐயனார வேண்டிக்கிட்டு அது தலைக்கு மேலயே உடைச்சிட்டேன்."

"ஏம்மா, நீங்க வேளாங்கண்ணி ஆளாச்சே?" என்றார் பூசாரி.

"மாதாவுக்கும் நேந்திருக்கேங்க. எந்த சிஸ்டத்துக்கும் ஒரு பேக்கப் வேணுமில்ல?"

"பேசிக்கிட்டே நில்லுங்க, மழை வரட்டும்!" அகிலாண்டம் பாய்ந்து வந்தாள். "என் போனு வாய்க்கால்ல விழுந்தப்ப அரிசிப் பானையிலதான் போட்டேன். தூக்குங்க!"

துலா கழுத்து வரை அவள் நெல்லுக்குள் புதைந்தது.

பத்து நிமிடம்... இருபது... அரை மணி...

முதல் தூறல் விழுந்தது.

பீப்!

"ஈரப்பதம் பதினாறு சதவீதம். தேறும்!"

அகிலாண்டம் ஓவென்று அழுதேவிட்டாள். ஊரே மூட்டை பிடித்து நெல்லைக் கொட்டகைக்குள் சேர்த்தது.

ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"இராஜாங்கம் சார்... ஒரே போடு, ரெண்டு மூடி! எப்படி?"

"அது... எதிர்த்துப் பேசணும்னா எப்படி உடைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமாம்மா?"

பூசாரி தொண்டையைக் கனைத்தார்.

"வெள்ளிக்கிழமை தவறாம வந்து தெரிஞ்சுக்கிட்டுப் போறாரும்மா!"