ஒரே அறையில் இரண்டு பிளாஸ்க்

"இந்த எண்ணெயில விஷம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

தென்காசி மருந்துக்கடையின் மேசையில் பாட்டிலை வைத்தார் சிவசைலம். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் எண்ணெய் தேய்ப்பவர் அவர். சாரல் காலத்து இரண்டு மாத உழைப்புதான் அவர் வீட்டின் வருஷத்துச் சோறு. அன்று காலை அவரிடம் தேய்த்துக்கொண்ட ராயகிரி விவசாயி பலவேசம், அறைக்குப் போனதும் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டார். லாட்ஜ் முதலாளி குற்றாலிங்கம் யோசிக்கவே இல்லை. எண்ணெய் தேய்க்கிற பெஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் ஹஃப்சாவுக்கு அவசரப்படத் தெரியாது. உதவிக்கு இருக்கும் யோகலட்சுமிக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"விஷந்தான்க்கா! யாரோ கலந்திருக்காவ!"

"ஏட்டி, சும்மா இரு. அண்ணாச்சி, இதே எண்ணெயை வேற யாருக்கும் தேச்சீங்களா?"

"பத்துப் பேருக்கு. எல்லாரும் அருவியில குளிச்சிட்டுப் புரோட்டா திங்கப் போயிட்டாவ. இவரு மட்டும், நான் மேல கை வைக்கும் முன்னாலயே குமட்டுதுன்னாரு. ரெண்டு நாளாக் காய்ச்சலாம், சளியாம். உடம்புவலி போகட்டும்னு வந்தாராம்."

ஹஃப்சா உடனே கடையைப் பூட்டினார். யோகலட்சுமி அதற்குள் ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

லாட்ஜ் அறையில் பலவேசம் வாடிப்போய்ப் படுத்திருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் மனைவி முருகம்மாள், மறுபக்கம் மருமகள் அபர்ணா. மகன் புவனேஷ் கதவோரம் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றான். அறையின் இரு மூலைகளிலும் இரண்டு பிளாஸ்க்குகள். ஹஃப்சா திறந்து பார்த்தார். இரண்டிலும் வெந்நீர்.

"ஒண்ணுல விஷம்க்கா" என்று யோகலட்சுமி கிசுகிசுத்தாள்.

ஹஃப்சா புவனேஷைப் பார்த்தார். "அம்மாவும் வீட்டுக்காரியும் பேசிக்கிடுததில்லையோ?"

அவன் முகம் வெளுத்தது. "தீபாவளியிலேர்ந்து இல்ல மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேசுறவங்க ஒரே பிளாஸ்க்ல ஊத்திக் குடுப்பாங்க. சரி, நேத்து அவருக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"காய்ச்சல் மாத்திரை, அறுநூத்தம்பது. நாலு வேளை" என்றாள் அபர்ணா.

"நான் சளி மாத்திரைதான் குடுத்தேன். அதும் நாலு வேளை" என்று முருகம்மாள் சுவரிடம் சொன்னார்.

ஹஃப்சா இரண்டு அட்டைகளையும் திருப்பிப் படித்தார்.

"பேருதான் வேற. சளி மாத்திரைக்குள்ளயும் அதே பாராசிட்டமால் ஐந்நூறு இருக்கு. இவங்க குடுத்தது ரெண்டாயிரத்து அறுநூறு மில்லிகிராம், நீங்க குடுத்தது ரெண்டாயிரம். தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே அளவுதான். சேந்தா நாலாயிரத்து அறுநூறு. ஒரு நாளைக்கு நாலாயிரத்தைத் தாண்டவே கூடாது. சரியாச் சாப்பிடாதவங்களுக்கு அதுக்கும் கீழதான். எண்ணெய் மேல ஒரு குத்தமும் இல்ல."

"பெரியவரே, நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் யோகலட்சுமி.

பலவேசம் வெட்கத்தோடு சிரித்தார். "அவளும் ஆசையாக் குடுத்தா, இவளும் ஆசையாக் குடுத்தா. யாருட்ட வேண்டாம்னு சொல்ல?"

"சிரிக்காதீங்க. இது ஈரலைக் கெடுக்கும். கெட்டது ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும். அட்டை ரெண்டையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

எட்டு மாதத்தில் முதல்முறையாக முருகம்மாள் மருமகளைப் பார்த்தார். "ஏட்டி அபர்ணா, அந்தப் பக்கம் பிடி."

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் புவனேஷ் ஆஸ்பத்திரி வாசலிலேயே கண்டவர்களுக்கெல்லாம் அல்வா கொடுத்தான்.

நான்காம் நாள் குற்றாலிங்கமே பெஞ்சைச் சுமந்து வந்து பழைய இடத்தில் போட்டார். ஆனாலும் யாரும் உட்காரவில்லை. சனங்கள் தள்ளி நின்றே வேடிக்கை பார்த்தார்கள். சிவசைலம் தலைகுனிந்து நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலவேசம் குடும்பத்தோடு வந்தார். சட்டையைக் கழற்றி மகன் தோளில் எறிந்துவிட்டு, பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"தேச்சுவிடும் அண்ணாச்சி. ஊரே பாக்கட்டும்."

"தலைக்கு நிறைய வையுங்க" என்றார் முருகம்மாள். "வேண்டாம் அத்தை, சளி பிடிக்கும்" என்றாள் அபர்ணா. இருவரும் மூச்சுவிடாமல் சண்டை போடத் தொடங்க, பெஞ்சுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள்.