பூட்டிய பிள்ளைக் காம்பரா

எஹலியகொடயில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. துணிப்பையையும் அக்காவுக்கு வாங்கிய பால்மா பக்கெட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விஜயகலா தோட்டத்துப் பாதையில் ஏறினாள். பயணத்தடை என்று கொழும்பில் வேலை செய்த வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவள், பஸ் ஓடத் தொடங்கியதும் கிளம்பி வந்துவிட்டாள்.

அக்கா அழகம்மாதான் அவளைப் பாப்பா, பாப்பா என்று தூக்கி வளர்த்தவள். அந்த அக்காவுக்குக் கொரோனா. ஒற்றை அறை லயத்து வீட்டில் நோயாளியை எங்கே ஒதுக்கி வைப்பது? வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா மூடிக் கிடந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். சோறு கொடுக்கும் பொறுப்பை விஜயகலாவின் புருஷன் நல்லையா ஏற்றுக்கொண்டான். அவள் தினமும் போனில் கேட்டாள். "சாப்பிட்டாங்க, தேறிட்டாங்க, நீ ஏன் கெடந்து தவிக்கிற?" என்று அவனும் தினமும் சொன்னான். அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் இரவில் கண்ணயர்ந்தாள்.

லயத்துக்குப் போகுமுன் அக்காவைப் பார்த்துவிட வேண்டும். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் றப்பர் காட்டுக்குள் இப்போதே இருட்டிக் கிடந்தது. பால் வடிய மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகள் மழையில் நிரம்பி வழிந்தன. புளித்த றப்பர் பால் வாடை அடித்தது. காட்டின் முடிவில், சுவரில் கிளியும் முயலும் வரைந்த பிள்ளைக் காம்பரா தெரிந்தது. ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள்.

கதவுக்கு வெளியே பூட்டு.

"அக்கா?"

உள்ளே ஏதோ தரையோடு இழுபட்டு வந்தது.

"பாப்பாவா?"

காய்ந்து கம்மிப்போன குரல். ஆனாலும் அக்காவேதான். விஜயகலாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஏங்க்கா பூட்டியிருக்கு?"

"கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சிட்டேன் பாப்பா. தண்ணி இருக்கா?"

ஜன்னலின் கீழ்ப்பலகை உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர்ப் போத்தலை உள்ளே நீட்டினாள். இருட்டுக்குள்ளிருந்து அதை வாங்கிக்கொண்ட விரல்கள் அவள் விரலில் பட்டன.

மழையில் நனைந்த அவள் கையைவிட அவை குளிர்ந்திருந்தன.

மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். போத்தல் தீர்ந்திருக்க வேண்டும். சத்தம் நிற்கவில்லை.

"அவரு சோறு கொண்டாந்தாருல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மொதல்ல வந்தாரு. பெறகு வரவே இல்ல. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடி."

"இந்தா, சாவி எடுத்துக்கிட்டு வந்துர்றேன். கூட்டிட்டுப் போகாம விடமாட்டேன்க்கா."

வழுக்கி விழுந்து எழும்பி லயத்துக்கு ஓடினாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நல்லையா அவளைக் கண்டதும் கோப்பையோடு எழும்பிவிட்டான்.

"பிள்ளைக் காம்பரா சாவி எங்க?"

"கலா, மொதல்ல உக்காரு. உங்கக்கா போன வாரமே செத்துப்போயிட்டாங்க. சுகாதார ஆளுங்க கொண்டுபோய் எரிச்சிட்டாங்க. தூரத்துல இருந்து நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல. லயத்துலயும் யாரையும் சொல்ல விடல."

"நேத்தும் தேறிட்டாங்கன்னு சொன்னீங்களே! இப்பத்தான் அக்காகிட்ட பேசிட்டு வாறேன். மொதல்ல வந்துட்டு, பெறகு நீங்க சோறே கொண்டு போகலன்னாங்க."

கோப்பை அவன் கையிலிருந்து நழுவியது. அந்த விஷயம் அவனையும் அழகம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

"வைரஸ் உருமாறிருச்சுன்னு வட்ஸ்அப்புல வொயிஸ் ஒண்ணு வந்திச்சு," என்றான் தரையைப் பார்த்தபடி. "புதுசா வந்தது, நோயாளியோட குரல் காதுல விழுந்தாலே ஒட்டுமாம். உங்கக்கா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பயந்துட்டேன். பூட்டிட்டு ஓடிவந்துட்டேன்."

"தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸி நம்ம ரெண்டு பேர்கிட்டயும் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! வைரஸ் மாறுறது வழக்கந்தான், மாறினாலும் குரல்ல எல்லாம் ஒட்டாது, மாஸ்க் போட்டுக்கிட்டு வாசல்ல வச்சிட்டு வாங்கன்னு. அவங்க சொன்னது காதுல ஏறல, எவனோ பேசினது ஏறிருச்சா?"

கையில் போன் இருந்தால் போதும், இப்போதெல்லாம் எல்லாரும் டொக்டர்தான். நோய் கொன்றிருந்தால் விதி என்று அழுது தீர்த்திருப்பாள். தாலி கட்டியவன் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, தினமும் தேறிட்டாங்க என்று கதை சொல்லியிருக்கிறான்.

பானையில் இருந்த சோற்றைத் தட்டில் அள்ளி அவன் கையில் திணித்தாள்.

"வாங்க. உங்க கையாலயே குடுங்க."

"செத்தவங்களுக்கா?"

"உசிரோட இருந்தப்ப குடுக்கலல்ல? நடங்க."

சாவியை எடுத்துக்கொண்டு அவன் முன்னே நடந்தான். பிள்ளைக் காம்பரா வாசலில், தட்டை ஒரு கையில் பிடித்தபடி பூட்டைக் கழற்றினான். கதவு திறந்தது. ஒரு பாய், மூலையில் ஒரு வாளி, பாயின் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற வெறும் போத்தல். வேறு ஒன்றுமில்லை.

"யாருமில்ல கலா," என்று மூச்சு விட்டான். சிரிக்கக்கூடச் செய்தான். தட்டை வைத்துவிட்டு வர உள்ளே போனான்.

விஜயகலா படியில் நின்றாள். மழை ஓய்ந்திருந்தது. தவளைகூடக் கத்தவில்லை.

"என்னங்க?"



கொஞ்ச நேரத்தில் சோறு மெல்லும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். நல்லையா முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். இரண்டு கையாலும் சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணித்தான். பருக்கை தீர்ந்ததும் தட்டை நக்கினான். பிறகு மெல்ல எழும்பித் திரும்பினான். அவன் முகம்தான், அவன் மீசைதான். கண்ணில் மட்டும் அப்படியொரு பாசம். அவன் அவளை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

வாயைத் திறந்தபோது குரல் காய்ந்து கம்மியிருந்தது.

"பசி அடங்கிருச்சு பாப்பா. வா, வீட்டுக்குப் போவோம்."