திரும்பி நின்ற மண்வாரி

சனிக்கிழமை வென்ற வெள்ளிக் கோப்பையை ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பெரில் லார்டர் எட்மண்ட் ப்ரௌஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். தட்டினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அந்தத் தட்டலில் கூரைமேல் இருந்த புறாக்கள் அத்தனையும் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று காலின் டிப்ஸ் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

காலின் அப்போது ப்ரௌஸின் சமையலறையில் உட்கார்ந்து, ப்ரௌஸின் ரொட்டியில் ப்ரௌஸின் ஆரஞ்சு ஜாமைத் தடவித் தின்றுகொண்டிருந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். ப்ரௌஸோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளின் சாம்பலைக் கிளறி, எது தானாக எரிந்தது, எதைக் கொளுத்தினார்கள் என்று சொல்லியே ஓய்வுபெற்றவர். ஒருவருக்குப் பேச ஆள் வேண்டும், மற்றவருக்குக் கேட்பதில் சிரமமில்லை. நட்பு அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

"கோப்பையைத் திருப்பிக் குடுக்கணுமாம்," என்று பெரில் பையை மேஜைமேல் வைத்தார். கோப்பைக்குத் துணையாக உள்ளே ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. "குடுக்க மாட்டேன். கிளப்பை விட்டு விலகணுமாம். விலக மாட்டேன். மன்னிப்புக் கடிதம் எழுதணுமாம். பேனாவையே தொட மாட்டேன்."

"முதல்ல உட்காருங்க மேடம்," என்றார் ப்ரௌஸ்.

"உட்காரவும் மாட்டேன்!" என்றவர் ஒரு நொடி யோசித்து, "சரி, முட்டி வலிக்குது," என்று உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். நார்ஃபோக் கடற்கரையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களுக்கு ஒரு கிளப் உண்டு. வருடத்துக்கொரு முறை தேவாலயக் கூடத்தில் போட்டி. பெட்டியில் இருநூறு முந்நூறு துண்டுகளாக வரும் டாங்கியை வெட்டி, அரத்தால் ராவி, பசை போட்டு ஒட்டி, வர்ணம் பூசி, உள்ளங்கையில் அடங்கும் போர் வண்டியாக்கிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரே விதி, சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும்.

பெரிலின் கணவர் ஆர்னால்ட் அந்தக் கிளப்பின் பழைய தூண். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் பரணில் விட்டுப்போன பெட்டிகளில் ஒன்றைக் கீழே இறக்கி, எழுபத்தொரு வயதில், சமையலறை மேஜையில் பதினெட்டு மாதம் குனிந்திருந்து பெரில் 'சர்ச்சில்' என்ற இரண்டாம் உலகப்போர் டாங்கியைக் கட்டினார். முதல் பரிசு. இரண்டு மணிக்குக் கோப்பை கையில். மூன்றரை மணிக்குப் பரிசுச்சீட்டுப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம்: 'லார்டர் டாங்கியின் அடிவயிற்றைப் பார்க்கவும்.'

பார்த்தார்கள். வெள்ளை வர்ணத்தில் பொடி எழுத்து. 'ஏ.எல்., 2019.' ஆர்னால்ட் லார்டர், தான் முடித்த ஒவ்வொரு டாங்கியின் அடியிலும் அப்படித்தான் எழுதி வைப்பார் என்பது கிளப் முழுவதற்கும் தெரியும்.

"செத்த புருஷன் செஞ்சதை என் பேர்ல வச்சேனாம்!" என்றார் பெரில். "அவர் உயிரோட இருந்தப்ப அவர் டீக்கோப்பையைக்கூட நான் என்னோடதுன்னு சொன்னதில்ல. அந்த எழுத்து என் டாங்கில எப்படி வந்துச்சுன்னே தெரியல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டு ஓட்டெடுத்து என்னை வெளியேத்தப் போறாங்க. இந்த ஊர்ல நான் எப்படிக் கடைக்குப் போய் நிக்கறது? திருடின்னு பேர் வாங்கிக்கிட்டா?"

"நீங்க கட்டினதைப் பார்த்த சாட்சி யாராவது?" என்று கேட்டார் ப்ரௌஸ்.

"பூனை."

காலின் ரொட்டியோடு குதித்தெழுந்தார். அவரும் கிளப் உறுப்பினர்தான். அவர் கட்டிய டாங்கிகள் நிஜமாகவே போரில் அடிபட்டு வந்தவை போல இருக்கும். போன வருடம் பதினோரு பேரில் பதினோராவது இடம். "இது செயலாளர் பர்கிஸ் வேலை! எழுதி வச்சுக்கோய்யா! நேத்து காலைல நடுவர் கெரிசன் மார்க் போட வந்தப்ப நடந்த கூத்தைக் கேளு. வண்டியோட பக்கவாட்டுல ஒரு மண்வாரி கட்டியிருக்கும். உன் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. செய்முறைத்தாள்படி அதோட இலை, அதாவது மண் அள்ளற தகடு, முன்பக்கம் பார்க்கணும். இவங்க பின்பக்கம் பார்த்து ஒட்டியிருந்தாங்க. 'தப்பு, மார்க்கைக் குறை'ன்னு பர்கிஸ் கத்தின கத்துல தேவாலய மணி தானா அடிச்சிருக்கணும்."

"தப்பில்ல," என்றார் பெரில். "எங்கம்மா யுத்தத்தப்ப ஃபாக்டரியிலேருந்து ரயிலடிக்கு டாங்கி ஓட்டினவங்க. அது மேல உட்கார்ந்து எடுத்துக்கிட்ட போட்டோல மண்வாரி பின்னாலதான் பார்க்குது. அவசரத்துல எவனோ திருப்பிக் கட்டியிருக்கான். நான் கட்டினது அந்த வண்டியை. போட்டோவைப் பர்கிஸ் மூக்குக்கு முன்னால ஆட்டினேன்."

"கூடமே கைதட்டிச்சு. அவன் மூஞ்சி வெந்த பீட்ரூட்!" என்றார் காலின்.

"அந்தக் கும்பல்ல நெவில் தாக்ஸ்டர் ஒருத்தர்தான் மனுஷர்," என்றார் பெரில். "ஆர்னால்டோட பழைய சிநேகிதர். காலை முழுக்க வெளிய மழையில நின்னு காருங்களுக்கு வழி காட்டிட்டு, மத்தியானம் தொப்பலா உள்ள வந்தார். என் மேல பழி வந்ததும் கைக்குட்டை குடுத்தார். 'கவலைப்படாதீங்க, கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க'ன்னார். எனக்கு பிரஷ் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவர்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கறார்."

"சொல்லிக் குடுத்தாரா?"

"ஒரு நாள் டீ குடிக்க வந்தார். ஆறு கேக் தின்னுக்கிட்டே பிரஷ்ஷைப் பத்தி அரை மணி பேசினார்."

ப்ரௌஸ் சிரிக்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கிளப் தலைவரும் நடுவருமான கெரிசன், அந்த டாங்கியைத் தன் வீட்டுப் பீங்கான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அரசியின் கிரீடத்தைக்கூட அத்தனை பத்திரமாக எவரும் பூட்டியிருக்க மாட்டார்கள். வெளியே எடுத்துக் காட்டியதும் காலினின் கண்கள் நேராக அடிவயிற்றுக்குப் போயின. எழுத்து ஆர்னால்டின் எழுத்துதான், சந்தேகமே இல்லை, என்று அவர் மனம் சோர்ந்தது.

ப்ரௌஸ் அடிவயிற்றை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு டாங்கியை நிமிர்த்தி வைத்து, பூதக்கண்ணாடியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சகதி அப்பிய சக்கரங்கள், மழையில் கசிந்த துரு, பீரங்கி பார்க்கும் திசையையே பார்த்து நிற்கும் மண்வாரி, கரி படிந்த புகைக்குழாய். "அருமையான கை," என்றார்.

"யாரோட கைன்னுதான் கேள்வி," என்றார் கெரிசன் வருத்தத்தோடு. காலையில் மார்க் போடும்போது ஒவ்வொரு டாங்கியையும் தான் படம் எடுப்பது வழக்கம் என்று சொல்லி, கேட்டதும் அந்தப் படங்களைக் கொடுத்தார். துண்டுக் காகிதத்தையும் காட்டினார். நடுவரின் மதிப்பெண் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தது.

"இந்தத் தாள் யார் யார்கிட்ட இருந்துச்சு?"

"கமிட்டிக்காரங்க மூணு பேர்கிட்டதான். நான், பர்கிஸ், தாக்ஸ்டர்."

"டாங்கியை யாரும் பார்க்காத நேரம்?"

"மூணு மணிக்குப் பரிசுச்சீட்டு குலுக்கினோம். அரை மணி நேரம் எல்லா மூஞ்சியும் மேடையைத்தான் பார்த்துச்சு. ஒரு பாட்டில் விஸ்கி பரிசுங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் காலின் பர்கிஸை நான்கு முறை கைது செய்து இரண்டு முறை தூக்கில் போட்டார்.

"பர்கிஸ் இல்ல," என்றார் ப்ரௌஸ்.

"பின்ன யாருய்யா?"

"செவ்வாய்க்கிழமை நல்ல பிஸ்கட் கொண்டு வா. கூட்டம் நீளும்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடத்தில் நாற்பது பேர். பெரில் முதல் வரிசையில், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பறிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நெவில் தாக்ஸ்டர் பரிவோடு தலையை ஆட்டியபடி இருந்தார்.

"ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போறேன்," என்று ப்ரௌஸ் மேஜைமேல் டாங்கியை வைத்தார். பக்கத்தில் கெரிசன் எடுத்த படத்தைச் சாய்த்து வைத்தார். "சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மண்வாரி எந்தப் பக்கம் பார்க்குது? பின்னால. அதுக்குத்தான் அவ்வளவு சண்டை. இப்ப எந்தப் பக்கம் பார்க்குது?"

நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் முன்னுக்கு வந்ததில் கூடத்தின் காற்றே ஒரு பக்கம் சாய்ந்தது. மண்வாரி பீரங்கியின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. காலின் தன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். இரண்டு நாளாக அவர் கண்ணெதிரில் இருந்த சங்கதி!

"குலுக்கல் நேரத்துல ஒருத்தர் இதைத் தலைகீழா கவுத்து, அடியில ஆர்னால்ட் மாதிரியே எழுதினார். கவுக்கறப்ப மண்வாரி உதிர்ந்து விழுந்துச்சு. எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு அவர் கவனிக்கல. சாதாரணத் திருடனா இருந்தா, உதிர்ந்தது உதிரட்டும்னு போயிருப்பான். ஆனா உங்கள்ல ஒருத்தரால அது முடியுமா? உடைஞ்ச துண்டு ஒண்ணு எதிர்ல கிடக்க, சட்டைப் பையில பசை இருக்க, ஒட்டாம நகர்ந்து போக முடியுமா?"

முடியாது என்பது நாற்பது பேருக்கும் தெரியும். பாதிப் பேரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவியது.

"ஒரு பெண்ணோட பேரைக் கெடுக்க வந்தவர், அவங்க டாங்கியை ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருக்கார். அதுவும் செய்முறைத்தாள்ல இருக்கற மாதிரியே, இலை முன்னால பார்க்க. அந்தத் துண்டுக் காகிதம் மதிப்பெண் தாள்ல கிழிச்சது, அது கமிட்டிக்காரங்க மூணு பேர்கிட்டதான் இருந்துச்சு. கெரிசன் காலைல அதைப் படம் எடுத்தவர், அவர் அப்படி ஒட்ட மாட்டார். மிஸ்டர் பர்கிஸ் எப்படி?"

"அந்த மண்வாரி எனக்குக் கனவுல வருதுய்யா," என்றார் பர்கிஸ் எரிச்சலோடு. "நான் அதைத் திருப்பி வச்சிருந்தா, இந்த ஊரே என்னைத்தான் பிடிச்சிருக்கும்."

"அதேதான். சண்டையைக் கேட்ட யாரும் அப்படி ஒட்டியிருக்க மாட்டாங்க. கமிட்டியில அதைக் கேட்காதவர் ஒருத்தர்தான். காலை முழுக்க வெளிய மழையில நின்னார்."

நாற்பது தலைகள் நெவில் பக்கம் திரும்பின. நெவில் பொறுமையாகப் புன்னகைத்தார். "பழக்க தோஷத்துல யார் வேணா அப்படி ஒட்டலாமே சார். இதெல்லாம் ஒரு அத்தாட்சியா?"

"உண்மைதான்," என்று ப்ரௌஸ் ஒப்புக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தார். "அதோட, இது உங்க வேலையாவும் தெரியல. நாப்பது வருஷ அனுபவம் உங்களுக்கு. இது ஏதோ கத்துக்குட்டி பண்ணின காரியம். சுத்தியும் பசை வழிஞ்சிருக்கு. காலின்கூட இதைவிட நல்லா ஒட்டுவார்."

"என்னய்யா இது!" என்றார் காலின்.

நெவிலின் புன்னகை ஒரு பக்கமாக நழுவியது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. உதட்டைக் கடித்தார். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். பலனில்லை.

"வழியல!" என்று எழுந்தே விட்டார். "எங்க வழிஞ்சிருக்கு, காட்டுங்க! ஊசி முனையில ஒரே ஒரு பொட்டு எடுத்து வச்சேன், மூச்சைக்கூட விடாம! இந்த ஊர்ல வேற எவனுக்கு வரும் அந்தக் கை?"

ப்ரௌஸ் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"ஒரு துளிகூட வழியல," என்றார் ப்ரௌஸ் மென்மையாக. "நான் பார்த்ததிலேயே சுத்தமான வேலை."

நெவில் மெல்ல உட்கார்ந்தார். "நாப்பது வருஷம்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒவ்வொரு ராத்திரியும். பெண்டாட்டி பேசறதை விட்டே பத்து வருஷம் ஆச்சு. இவங்க வந்து பதினெட்டு மாசம். எனக்கு ரெண்டாவது பரிசு. ஆர்னால்ட் கிட்ட தோத்தேன்னா பொறுத்துக்கலாம். அதான்... ஆர்னால்ட் செஞ்சதாவே இருக்கட்டும்னு..."

கெரிசன் எழுந்து பெரிலிடம் நீளமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நெவில் தாக்ஸ்டரைக் கிளப்பிலிருந்து நீக்க ஒப்புகிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார். முதல் கை பர்கிஸுடையது. பின்னாலேயே முப்பது கைகள்.

"கையை இறக்குங்க," என்றார் பெரில்.

இறக்கினார்கள். அந்தக் குரலுக்கு நிஜ டாங்கியே நின்றிருக்கும்.

பெரில் எழுந்து நெவிலுக்கு நேரே திரும்பினார். "இவரை வெளிய அனுப்பினா, நான் ஜெயிச்சது அதிர்ஷ்டம்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரிவார். அதுக்கு நான் விட மாட்டேன். அடுத்த வருஷமும் இவர் வரணும். என் பக்கத்து மேஜையில வைக்கணும். ஊரே பார்க்கத் தோக்கணும்."

நெவில் தலை நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் கேட்டார்: "எந்த டாங்கி கட்டப் போறீங்க?"

"சொல்ல மாட்டேன்," என்று பெரில் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ஆனா நீங்க உங்களுக்கு வர்றதிலேயே நல்லதைக் கட்டிக் கொண்டுவாங்க மிஸ்டர் தாக்ஸ்டர். அரைகுறையா கொண்டுவந்தீங்கன்னா, ஜெயிக்கறதுல எனக்கு ஒரு ருசியும் இருக்காது."