ஞெவியம்மாள்

1943 மார்ச் மாத வெயிலில் பெரியதாழையில் வண்டியை விட்டு இறங்கிய வக்கீல் குமாஸ்தா இனிகோ, நேராகக் கோயிலுக்குப் போனான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணி பழுதுபார்க்கும் வில்பிரட் கொவால்ஸ்கியை, ஜெர்மன்காரன் என்று போலீஸ் பிடித்துப் போய் எட்டு மாதமாகிறது. அவன் தாத்தா வந்த கப்பல் இந்தக் கரையில்தான் உடைந்தது; நிறைமாதக் கர்ப்பிணியான பாட்டி உயிரோடு கரை ஒதுங்கினாள். தாத்தாவின் பிணத்தில், சட்டைப்பையில் இருந்தது ஜெர்மன் மொழியில் அச்சடித்த பாஸ்போர்ட். ஆனால் 'ஜெர்மன்காரர் ஆண்ட போலந்துக்காரர்கள் நாங்கள்' என்பதுதான், உயிர் தப்பிய மாலுமிகள் சொல்லிப்போய், வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. போலந்து இப்போது பிரிட்டிஷாரின் நேசநாடு. அதற்கு ஒரு சான்று கிடைத்தால் வில்பிரட் வீடு திரும்பலாம்.

"ஒரே தம்பி, அண்ணாச்சி. அவன் இல்லாம நான் யாருக்கு உலை வைக்க?" என்று அக்காள் கிளாடிஸ் அழுதது இன்னும் காதில் இருந்தது.

மணியடித்துப் பதிவேடு காக்கும் கோயில்பிள்ளை தேவதாசன் ஞானஸ்நானப் பதிவேட்டை மேசையில் வைத்தார்.

"அறுபத்தெட்டாம் வருசம். நீரே பாத்துக்கிடும். அந்தத் தாய் பேரை மட்டும் வாய்விட்டு வாசிச்சிராதியும்."

"ஏன், பேரு கடிக்குமோ?"

"சிரிக்காதியும். வாசிச்சா வாரா. வந்தா எந்தப் பேரையும் சொல்லிராதியும். எங்க அய்யாவுக்கு முந்தி இங்கன கோயில்பிள்ளையா இருந்தவரு தம் பேரைச் சொல்லிட்டாரு. சாகிற வரைக்கும் எம் பேரு என்னன்னு வாரவன் போறவன்கிட்டல்லாம் கேட்டுத் திரிஞ்சாரு."

சொல்லிவிட்டு மதிய மணி அடிக்கப் போனார்.

வில்பிரட்டின் தகப்பனார் ஞானஸ்நானம் பெற்ற பக்கம் கிடைத்தது. பிள்ளை: சூசை. தகப்பன்: யான் கொவால்ஸ்கி, கடலில் மரணம். தாய்: ஞெவியம்மாள். பிரசவித்து, கேட்டதற்குத் தன் பேர் சொல்லி, அன்றே மரணம்.

ஊர் இல்லை. நாடும் இல்லை.

இனிகோ நகல் எடுத்தான். வாசித்துக்கொண்டே எழுதுவது குமாஸ்தாவின் பழக்கம்; உதடு தானாக அசைந்தது.

"தாய், ஞெவியம்மாள்..."

மணி நின்றது.

கடலிரைச்சலும் நின்றது.

அலமாரிக்குப் பின்னால் ஈரத்துணி சொட்டும் சத்தம்.

"யாரது?"

"ஞெ வியெம்," என்றது ஒரு பெண் குரல்.

பதிவேட்டில் இருந்த அதே பேர். ஆனால் யாரும் தன் பேரை அப்படிக் கெஞ்சும் குரலில் சொல்வதில்லை.

பாசி நாற்றம் நெருங்கியது. பிடரியில் குளிர்ந்த மூச்சுப் பட்டது.

இருபது வருஷம் கோர்ட்டு வாசலில் பழகிய வாய் அது. எதிரே யார் வந்து நின்றாலும் தன் பேரைச் சொல்லாது, கட்சிக்காரன் பேரைத்தான் சொல்லும்.

"வில்பிரட் கொவால்ஸ்கி," என்றது.

பிடரியிலிருந்து அந்த மூச்சு விலகியது. பிறகு, புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோல, மெதுவாக:

"வில்... பிரட்."

திரும்பினான். யாரும் இல்லை. தரையில் மட்டும் உப்புநீர்.

நடந்ததை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. நகல், அகதி முகாம் ஒன்றிலிருந்த போலந்துப் பாதிரியாருக்குப் போயிற்று. ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது.

'இது பேரே அல்ல. எங்கள் மொழியில் ஞெ வியெம் என்றால் எனக்குத் தெரியாது என்று பொருள். பேர் கேட்டிருக்கிறார்கள். அவள் தெரியாது என்றிருக்கிறாள். எழுதியவர் அம்மாள் சேர்த்துவிட்டார். சாகும்போது இப்படிச் சொன்னவள் போலந்துக்காரியாகத்தான் இருக்க வேண்டும்.'

வக்கீல் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எழுவத்தஞ்சு வருசமா ஒரு 'தெரியாது'வப் பேருன்னு பதிவேட்டுல வச்சிருக்காங்கவே!"

இனிகோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்டில் விடுதலை உத்தரவு வந்தது. தூத்துக்குடி ஸ்டேஷனில் கிளாடிஸ் இனிகோவோடு விடியற்காலையிலிருந்தே நின்றாள். வீட்டில் தம்பிக்காக மீன் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. ரயில் வந்தது. இளைத்துக் கறுத்து, வில்பிரட் இறங்கினான்.

"ஏலே தம்பி!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். சட்டென்று விட்டாள். கை சில்லென்று இருந்தது.

அவன் அவளை, வழி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

பொட்டு மழை இல்லாத காலை. அவன் தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனைக் கூட்டிவந்த போலீஸ் ஏட்டு நோட்டைப் பிரித்தார். "அழுகையெல்லாம் வீட்ல போயி வச்சுக்கிடுங்க. ஏலே, பேரைச் சொல்லு."

வில்பிரட் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஞெ வியெம்."

"என்ன எழவு பேரோ," என்று ஏட்டு பென்சிலை எச்சில் தொட்டு எழுதினார்.

இனிகோ எட்டிப் பார்த்தான்.

ஞெவியன்.