கலிஸ்ரா காட்டிய குறுக்குக் கை

முதலில் எங்கள் வகுப்பு றெஜியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாராவது படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இந்தப் படம் எடுத்த அன்று முழுக்கத் தலை வாரிக்கொண்டே இருந்தான்.

அன்று முல்லைத்தீவுக் கரையில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கு லூசியா ரீச்சர் வந்திருந்தார். அவர் ஆபிரிக்காவில் அங்கோலா நாட்டுக்காரர். எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆபிரிக்காவைப் பற்றிப் படிக்கிறவர்களும் அவருடைய பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர்ந்து, பள்ளிக்கூடங்களுக்கு வருகிறார்களாம். மொழிபெயர்க்கச் சுமன் சேர் வந்திருந்தார்.

"கதிரையில இருங்கோ ரீச்சர்" என்று என் தோழி கலிஸ்ரா நாற்காலியைக் காட்டிச் சொன்னதும் லூசியா ரீச்சர் துள்ளினார். அவர் பேசும் போர்த்துக்கேய மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம்! அலுமாரி, சமைக்கிற குசினி, காலில் போடுகிற சப்பாத்து எல்லாமே அவருக்கு விளங்கின. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பின்னேரம் கடலோரக் களப்புக்கரையில் எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். சுமன் சேர் வான் வண்டியை எடுத்துவரப் போயிருந்தார். எல்லோரும் படத்துக்குள் வரவேண்டுமென்று, கமராவைக் கண்ணில் வைத்தபடியே ரீச்சர் பின்னுக்குப் பின்னுக்கு நடந்தார்.

"ஐயோ, ரீச்சருக்குப் பின்னால பாருங்கோ!" என்றாள் கலிஸ்ரா.

முதல்நாள் மழை அரித்த மணலில் துருப்பிடித்த இரும்பு ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் புதைந்த வெடி.

"நில்லுங்கோ! நில்லுங்கோ!"

நாங்கள் சந்தோசத்தில் கத்துவதாக நினைத்து ரீச்சர் கையசைத்தார். இன்னும் ஓர் அடி வைத்தார்.

கதிரையும் குசினியும் இப்போது எதற்கு உதவும்? நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். கலிஸ்ரா என் சட்டையை இழுத்தாள்.

"ஓடாதை! ஓடக்கூடாதெண்டு படிச்சனாங்கள் எல்லே?"

அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள். வெடி கிடக்கிற இடத்தில் எங்கள் அப்பாமார் இரண்டு தடிகளைக் குறுக்காக வைப்பார்களே, அதுபோல.

'கிளிக்' என்றது கமரா.

ரீச்சர் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன்னுடைய காலடித் தடங்களிலேயே ஒவ்வொன்றாக மிதித்து எங்களிடம் வந்தார். வந்து கலிஸ்ராவைக் கட்டிப்பிடித்து அழுதார். நாங்களும் அழுதோம்.

சுமன் சேர் ஓடிவந்து, வெடி அகற்றுகிறவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். பிறகு லூசியா ரீச்சர் சொன்னதை எங்களுக்குச் சொன்னார்.

"அவாவின்ர ஊரிலயும் சண்டை நடந்ததாம். அங்கயும் தடியை இப்பிடித்தான் குறுக்கா வைக்கிறவையாம். சின்னதில அவாவுக்கும் இதைத்தானாம் பழக்கினவை."

அடுத்த மாதம் அந்தப் படம் தபாலில் வந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து கத்துகிறோம். நடுவில் கலிஸ்ரா குறுக்குக் கைகளோடு நிற்கிறாள். றெஜி மட்டும் ஒன்றும் தெரியாமல் பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கிறான். படத்தின் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது: கலிஸ்ரா.

"நான்தானே வடிவா நிக்கிறன்! ஏன் அவளின்ர பேரை மட்டும் போட்டவை?" என்றான் றெஜி.

நாங்கள் எல்லோரும் அவனுக்கு முன்னால் கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டினோம்.